டைமிங் பெல்ட்டும் நான் துடைத்த வெள்ளைக் கோடும்

சில வருடங்களுக்கு முன், ஆயுத பூசை அன்று காலை. வேங்கிக்காலில் எங்கள் வீட்டு வாசலில் கார் நிற்கிறது. பானெட் திறந்திருக்கிறது. முன்பக்க வலது சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஜாக்கி வைத்து, இஞ்சினுக்கு அடியில் ஒரு கட்டையும் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கையில் டீசலில் நனைத்த பழைய பனியன் துணி, இன்னொரு கையில் சந்தனக் கிண்ணம் என்று பம்பருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருக்கிறேன் நான்.

இதை எழுதாமல் தப்பித்துவிடலாம் என்றுதான் இத்தனை வாரமாக ஆபீஸ் கதை, மாமியார் கதை, மாமியாரோடு ஆபீஸுக்குப் போன கதை என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். நீங்களும் சிரித்துக்கொண்டே படித்தீர்கள். இந்த வாரம் சிரிக்க ஒன்றும் இல்லை.

இதில் வரும் மெக்கானிக்கின் பெயரை மாற்றி எழுதட்டுமா என்று அவரிடமே கேட்டு அனுப்பினேன். மாற்ற வேண்டாம், தனசேகர் என்றே போடச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது.

மூத்த தாரம்

முதலில் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் கோவிந்தன் அதைச் சென்னையில் செகண்ட் ஹேண்டாக வாங்கி வந்தார். டீசல் வண்டி. ரமணாசிரமம் பக்கம் ரூம் எடுத்துத் தங்கும் வெளியூர்க்காரர்களைச் சென்னை ஏர்போர்ட்டுக்கு ஏற்றிப் போவதும் கூட்டி வருவதும்தான் அவர் தொழில். நான் அரசாங்க ஆபீஸில் டைப்பிஸ்ட். என் சம்பளத்தில் அரிசி பருப்பு, அவர் வண்டியில் மற்றதெல்லாம் என்று குடும்பம் ஓடியது.

காலையில் எழுந்ததும் என் முகத்தில் விழிக்கிறாரோ இல்லையோ, போய் வண்டியைத் தட்டிக்கொடுத்துவிட்டு வருவார். நீ ரெண்டாந்தாரம்தான், மூத்தவ வாசல்ல நிக்கறா என்பார். எனக்கும் சக்களத்திச் சண்டை ஒன்றும் கிடையாது. அவருக்குச் சோறு போட்டதில் அவளுக்கும் பங்கு உண்டு.

அந்த வண்டிக்கு ஒரு குறை. கிலோமீட்டர் காட்டும் மீட்டர் நடுவில் சில காலம் ஓடாமல் நின்று, பிறகு மறுபடியும் ஓடியது. வண்டி மொத்தம் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று யாருக்குமே தெரியாது. மற்ற சாமான்களுக்குப் பரவாயில்லை. இத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று மாற்றியே ஆக வேண்டிய டைமிங் பெல்ட்டுக்கு அது பெரிய சிக்கல்.

பெல்ட் என்றால் என்ன என்று எனக்கு விளங்க வைத்தவர் தனசேகர்தான். இஞ்சினில் மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம். பல் வைத்த ஒரு ரப்பர் பட்டை இரண்டையும் சேர்த்துச் சுற்றுகிறது. இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் காட்டினார்.

"கீழ இருக்கறது பிஸ்டன், அண்ணி. மேல இருக்கறது வால்வு. இது ஏறும்போது அது ஒதுங்கிக்கணும். அத ஒதுங்கச் சொல்றது இந்த பெல்ட்டுதான். அறுந்தாலும் தப்பு, ஒரு பல்லு தள்ளி மாட்னாலும் தப்பு. ரெண்டும் முட்டிக்கும். உள்ள எல்லாம் வளைஞ்சிடும்."

"அறுந்து போறதுக்கு முன்னாடி சத்தம் கித்தம் குடுக்காதா?"

"குடுக்காது அண்ணி. நேத்து வரைக்கும் நல்லா இருந்திச்சேன்னுதான் எல்லாரும் சொல்வாங்க."

அட்டையில் குத்திய போல்ட்டுகள்

தனசேகருக்கு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு ஷெட் இருந்தது. பௌர்ணமி அன்று அந்த வழியில் வண்டிகளை விடமாட்டார்கள். அன்று மட்டும் ஷெட்டைப் பூட்டுவார். மற்ற நாளெல்லாம் டாக்சி ஸ்டாண்டு டிரைவர்கள் அவரிடம்தான் போவார்கள். கைராசிக்காரர் என்று பேர்.

அந்த வருடம் ஆயுத பூசைக்கு முன்னால் ஷெட்டில் ஒரு சைக்கிள் நிறுத்தக்கூட இடமில்லை. எங்கள் பெல்ட்டில் வெடிப்பு விட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, "இத வச்சிக்கினு ஓட்டாதீங்கண்ணா, நான் வூட்டுக்கே வந்து மாத்தறேன்" என்று பூசைக்கு முந்தின நாள் டூல்ஸோடு வந்து இறங்கினார்.

அவர் வேலை செய்வதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு அட்டையில் இஞ்சின் மாதிரி கிறுக்கலாக ஒரு படம் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு போல்ட்டைக் கழற்றும்போதும் அட்டையில் அதே இடத்தில் ஓட்டை போட்டுக் குத்தி வைத்தார். எது எங்கே இருந்ததோ அங்கேயே திரும்பிப் போகும். நானும் வருடக்கணக்காக ஃபைல் பார்க்கிறவள், அப்படி ஒரு ஒழுங்கை ஆபீஸில் கண்டதில்லை.

பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன் வைட்னர் எடுத்து மேல் சக்கரத்தில் ஒரு கோடு, அதற்கு நேராகப் பின்னால் இருக்கும் இரும்பில் ஒரு கோடு போட்டார். கீழேயும் அதே மாதிரி. கம்பெனி போட்ட அடையாளம் தேய்ந்துபோயிருந்ததால், இனிமேல் இந்தக் கோடுதான் கணக்கு என்றார்.

பெல்ட்டை எடுத்த பிறகு பார்த்தால், அதை இறுக்கிப் பிடிக்கிற சின்ன சக்கரம் வேறு வண்டிக்கு உரியதாக வந்திருந்தது. சரியான சாமான் சென்னையிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். நடுவில் பூசை. பூசையில் வைத்த டூல்ஸை மறுநாள் விஜயதசமிக்குத்தான் எடுப்பார்கள். இஞ்சினைத் திறந்தபடியே ஒரு சாக்கு போட்டு மூடிவிட்டு, "வண்டியத் தள்ளிடாதீங்க, கியர் போட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

துடைக்காதீர்கள் என்று சொல்லவில்லை. யார்தான் சொல்வார்கள்?

துடைத்தேன்

எனக்குச் சுத்தப் பைத்தியம் உண்டு. ஆயுத பூசை என்றால் கேட்கவே வேண்டாம். அரிவாள்மனை, தையல் மெஷின், சைக்கிள் பம்பு எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தால்தான் எனக்கு மனசு ஆறும். கோவிந்தன் பொரியும் பூசணிக்காயும் வாங்கப் போயிருந்தார். சாக்கை விலக்கினேன். இத்தனை வருடம் மூடி போட்டு இருந்த இடம், ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. இப்படியேவா சந்தனம் வைப்பது என்று துணியை டீசலில் நனைத்தேன்.

நன்றாக அழுத்தித் துடைத்தேன். மேல் சக்கரத்தை ஒரு சுற்று துடைக்கும்போது அது 'டக்' என்று என் பக்கமாகக் கொஞ்சம் அசைந்தது. கொஞ்சம்தான். கையை எடுத்தேன். துணியில் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

சக்கரத்தில் இருந்த கோடு போயே போய்விட்டது. பின்னால் இரும்பில் இருந்த கோடு மட்டும் அப்படியே இருந்தது.

போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு போன். இவர் வந்தால் கத்துவாரே, அந்தத் தம்பி என்னை என்ன நினைக்கும் என்றுதான் புத்தி போயிற்று.

எங்கள் ஆபீஸில் பதிவேட்டில் வைட்னர் போடக்கூடாது. தப்பாக எழுதிவிட்டால், தெரிகிற மாதிரி ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். புதிதாகச் சேர்ந்தவர்களை இதற்காக நான் எத்தனை விரட்டு விரட்டியிருக்கிறேன்! கவர் மேல் விலாசம் எழுதுவதற்காக என் கைப்பையில் மட்டும் ஒரு வைட்னர் எப்போதும் இருக்கும். அதை எடுத்து வந்தேன்.

இரண்டு கோடும் நேருக்கு நேராக இருந்ததைத்தான் நான் பார்த்திருந்தேன். அதனால் பின்னால் இருந்த கோட்டுக்கு நேராகச் சக்கரத்தில் ஒரு கோடு இழுத்தேன். சக்கரம் அசைந்ததே, அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. நேராக இருந்தால் சரிதான் என்று நினைத்தேன். ஊதிக் காயவைத்து, பக்கத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

கோவிந்தன் பூசணிக்காயோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாமே, பளபளன்னு கீது" என்றார். கற்பூரம் காட்டினோம்.

இரண்டு சுற்று

விஜயதசமி அன்று சாமான் வந்தது. தனசேகரும் வந்தார். குங்குமத்தைப் பார்த்துச் சிரித்தார். கோட்டைப் பார்த்தார். அவருடைய கோடு என்றே நம்பினார். அந்தக் கோட்டை வைத்துப் புது பெல்ட்டை மாட்டினார்.

ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் கீழ்ச் சக்கரத்தை ஸ்பேனரால் இரண்டு முழுச் சுற்று கையாலேயே மெதுவாகச் சுற்றினார். எங்கேயாவது முட்டினால் கைக்குத் தெரிந்துவிடும். முட்டவில்லை. சாவியைத் திருப்பினார். வண்டி எடுத்தது. ஆனால் கறுப்பாகப் புகை, ஒரு மாதிரி கரகரப்பு.

தனசேகர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றார்.

"அண்ணா, சவுண்டு சரியில்ல. நாளைக்கு ஒரு வாட்டி பிரிச்சிப் பாத்துடறேன்."

"நாளைக்குக் காலையில ஏர்போர்ட்டு ட்ரிப்புப்பா. ஆசிரமம் பக்கம் வெளியூர் அம்மா ஒருத்தங்க ஆறு மாசமா தங்கிக் கீறாங்க. அவங்கம்மாவுக்கு ரொம்ப முடியலையாம், ஊருக்கு ஓடறாங்க. புது பெல்ட்டு, ஓடி ஓடிச் செட் ஆயிடும்."

"இல்லண்ணா, எனக்கு இன்னவோ மாதிரி கீது."

"உன் கைமேல எனக்கு நம்பிக்கை கீதுய்யா. உனக்கு இல்லையா?"

தனசேகர் குனிந்து ஸ்பேனர்களைப் பொறுக்கிப் பையில் போட்டார். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் காபி டம்ளர்களோடு நின்றிருந்தேன். அந்த நிமிஷம் வாயைத் திறந்திருந்தால் எல்லாமே சரியாகிப் போயிருக்கும். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? வெளியே போய், காபியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

செஞ்சி தாண்டி

மறுநாள் செஞ்சி தாண்டிக் கொஞ்ச தூரத்தில், ஒரு லாரியை ஓவர்டேக் பண்ண அழுத்தும்போது இஞ்சின் பெரிய சத்தத்தோடு நின்றுவிட்டது. வேறு வண்டி கிடைத்து ஏற்றி அனுப்புவதற்குள் நேரமாகி, அந்த அம்மா ஃபிளைட்டைத் தவறவிட்டார். தாயாரை உயிரோடு பார்த்தாரா இல்லையா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அவர் திரும்ப இந்த ஊருக்கு வரவில்லை.

வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள். தனசேகர் இஞ்சினின் மேல் பாகத்தைத் திறந்தார். வால்வுகள் வளைந்திருந்தன. டாக்சி ஸ்டாண்டிலிருந்து கூட வந்த நாலு பேருக்கு முன்னால் கோவிந்தன் அவரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினார். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. தனசேகர் முகத்தில் ஈயாடவில்லை.

"என் கோட்டுல தப்பு இருக்காதுன்னு நெனச்சேண்ணா. இருந்திருக்கு. என் கைதான் தப்பு."

நான் அங்கேதான் நின்றிருந்தேன். அவர் கை தப்பு இல்லை, என் கை தப்பு என்று சொல்ல எத்தனை வினாடி ஆகும்? பயம் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பயம் இல்லை. வெட்கம். ஆபீஸில் எல்லாரையும் திருத்துகிற செல்வி, இப்படி ஒரு திருட்டு வேலை செய்தாள் என்று யாருக்கும் தெரியக்கூடாது. அவ்வளவுதான்.

இஞ்சினை அவரே மாதக்கணக்கில் உழைத்துச் சரிபண்ணிக் கொடுத்தார். கூலி வாங்கவில்லை. ஆனால் செங்கம் ரோட்டு ஸ்டாண்டில் பேச்சு பரவிவிட்டது. டைமிங் மாற்றத் தெரியாதவன், அவனிடம் போய் வண்டியை விடாதே என்று. ஒவ்வொருவராக விலகினார்கள்.

அதைவிட மோசமானதை அவர் மனைவி கஸ்தூரி ஒருநாள் காய்கறிக் கடையில் என்னிடம் சொன்னாள். பாவி, என்னிடம்தான் சொல்ல வேண்டுமா!

"ஒரு தடவ மாட்டன போல்ட்ட நாலு தடவ கழட்டிப் பாக்கறாருக்கா. ஒருநாள் வேலைக்கு மூணு நாள் ஆவுது. வண்டி வெளிய போனா, அது வூடு போய்ச் சேர்ற வரைக்கும் சோறு எறங்கறதில்ல."

"எல்லாம் சரியாப் போயிடும் கஸ்தூரி" என்றேன். அப்படித்தான் சொன்னேன்.

சில மாதத்தில் ஷெட்டில் வேலை நின்றது. தண்ணீர் கேன் அடுக்க ஆரம்பித்தார்கள். தனசேகர் லோடு ஆட்டோவில் வீடு வீடாகக் கேன் போடுகிறார் என்று கேள்விப்பட்டேன்.

மறுபடியும் பெல்ட்

வண்டி இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. மூத்த தாரத்துக்கு நரை தட்டிவிட்டது, அவ்வளவுதான். இந்த வருடம் மறுபடியும் பெல்ட் மாற்றும் நேரம் வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த கோவிந்தன், "பைபாஸ்ல புதுசா ஒரு ஒர்க்‌ஷாப்பு. அந்த தனசேகரு மாதிரி கைய வச்சிக் கெடுக்கற ஆளுங்க இல்ல" என்றார்.

கரண்டியைக் கீழே வைத்தேன். "அது அவரு கெடுக்கலைங்க. நான்தான்" என்றேன்.

ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கத்துவார் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேனே, கத்தவில்லை. தட்டிலேயே கையைக் கழுவினார்.

"செருப்பால அடிக்காத கொறையா பேசனேனேமே அவன" என்றார். பிறகு, "பொறப்படு."

அடி அண்ணாமலையில் தனசேகர் ஆட்டோவில் கேன் ஏற்றிக்கொண்டிருந்தார். ஆள் இளைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் தோளில் இருந்த கேனை இறக்கி வைத்தார். "வாங்கண்ணா, வாங்க அண்ணி" என்றார். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். துணி, டீசல், வைட்னர், ஜன்னல், காபி, எல்லாம்.

அவர் கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மேல் வீலு எந்தப் பக்கம் அசைஞ்சிச்சு அண்ணி?"

"என் பக்கம் தம்பி. பம்பருக்கு முன்னாடி உக்காந்திருந்தேன்."

கண்ணை மூடிக்கொண்டார். வலது கை காற்றில் ஒரு சக்கரத்தைப் பிடித்த மாதிரி நின்று, மெதுவாகத் திரும்பியது. அவர் வாய் எதையோ முணுமுணுத்தது.

"ஒரு பல்லு" என்றார். "கையால சுத்தும்போது முட்டாது. ஓட்டத்துல முட்டும்."

பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "கஸ்தூரி, இங்க வா. நான் போட்ட கோடு சரியாதான் இருந்திச்சாம்."

மேலும் ஒருமுறை அதையே சொன்னார், கஸ்தூரியைப் பார்த்து இல்லை, தன் கையைப் பார்த்து.

கஸ்தூரிக்கு விஷயம் புரிந்ததும் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என்னை விடவில்லை. "என் பக்கத்துல நின்னு கத்திரிக்கா பொறுக்கனியேக்கா. எல்லாம் சரியாப் போயிடும்னு சொன்னியே. எப்படிக்கா மனசு வந்திச்சு?" என்றாள். அழுதேன். அந்த இடத்தில் அழுவதற்கு எனக்கு உரிமை கிடையாது என்று தெரிந்தும் அழுதேன்.

கோவிந்தன் கை கூப்பினார். "என்ன மன்னிச்சிடுப்பா. பெல்ட்ட நீயே வந்து மாத்திக் குடு."

"நான் இப்ப வண்டியில கை வக்கறதில்லண்ணா."

நான் அவர் காலில் விழப் போனேன். பதறிப் பின்னால் நகர்ந்தார்.

"எங்கிட்ட சொல்லி இன்னா அண்ணி ஆவப்போவுது? எனக்குத் தெரிஞ்சா போதுமா? ஸ்டாண்டுல சொல்லுங்க."

ஸ்டாண்டில்

அங்கிருந்து நேராகச் செங்கம் ரோட்டு ஸ்டாண்டுக்குப் போனோம். ஏழெட்டு டிரைவர்கள் இருந்தார்கள். எல்லாரும் என்னை அண்ணி, அக்கா என்று கூப்பிடுகிறவர்கள்தான். கோவிந்தன் நான் சொல்கிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே சொன்னேன். நடுவில் ஒருவர் சவாரி வந்து கிளம்பப் போனார். முடிகிற வரை இருங்கள் அண்ணே என்று நிறுத்தினேன்.

சொல்லி முடித்தேன். அவர்களிலேயே மூத்தவரான பெருமாள், அன்றைக்கு இழுத்து வந்த வண்டியோடு கூட வந்தவர், "நான்தான் ஊரெல்லாம் சொன்னேன், அவங்கிட்ட போவாதீங்கன்னு" என்று யாரிடம் என்றில்லாமல் சொன்னார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். தனசேகரின் பழைய நம்பர் அவரிடம் அப்படியே இருந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார் தனசேகர்.

"தண்ணி கேனுங்களா? எத்தினி போடட்டும்?"

"தண்ணி இல்ல தனசேகரு. நான் பெருமாளு, ஸ்டாண்டுலேர்ந்து. செல்வி வந்து எல்லாத்தையும் சொல்லிடுச்சுப்பா. எல்லாரும் இங்கதான் கீறோம். என் வண்டிக்கு பெல்ட்டு மாத்தணும். நீதான் வரணும்."

அந்தப் பக்கம் ஆட்டோ இஞ்சின் ஓடுவது மட்டும் கேட்டது. நாங்கள் எல்லாரும் பெருமாள் கையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"கேன் வேணும்னா சொல்லுங்கண்ணா, கொண்டாந்து போடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.